பெயர் சொல்லாத சிக்னல்

புதிதாக வனத்துறை ஒயர்லெஸ் அறையில் உட்கார வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கேட்டவர்கள் இரண்டு பக்கம் எதிர்பார்த்திருப்பார்கள். முப்பத்திரண்டு வருடம் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, மைக்கைப் பிடித்து மலையோடு பேசியவள் நான். பேச ஆரம்பித்தால் இரண்டு பக்கத்தில் நிற்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாக்கி டாக்கி செட்டை எப்படித் திறப்பது, எந்த சேனலில் யார் இருப்பார்கள் என்பதையெல்லாம் வேறு ஆட்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு நாளைப் பற்றி. அந்த நாளை நினைத்து எனக்குப் பெருமைதான், அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் அந்தப் பெருமைக்குள் என் தப்பு ஒன்றும் இருக்கிறது. அதையும் சேர்த்தேதான் சொல்வேன்.

முதலில் நான் ஊர் சிரிக்க நின்ற கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அடுத்தது புரியும். அந்த வருடம் தை மாதக் கடைசியில் என் மேஜை ஸ்கேனரில் ஒரு சத்தம் விழ ஆரம்பித்தது. ஸ்கேனர் என்பது சேனல் சேனலாகத் தானே தாவித் தாவிக் கேட்கும் பெட்டி. யாருமே பேசாத ஒரு சேனலில் வந்து நின்றுகொண்டு "டிக், டிக்" என்றது. மலையில் யாரோ திருட்டுத்தனமாகச் சங்கேதம் அனுப்புகிறார்கள் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். மூன்று நாள் ஜீப்பில் சுற்றினேன். கடைசியில் அந்தச் சத்தம் வன்னியம்பட்டியில் ஒரு தென்னந்தோப்பில் போய் முடிந்தது. காட்டுப்பன்றிக்காகப் போட்ட சோலார் வேலி. அந்த வேலிப் பெட்டிதான் நொடிக்கொரு தரம் கம்பியில் கரண்டை விட்டு, கூடவே என் ஸ்கேனரிலும் டிக்கென்றது.

தோப்புக்காரர் நல்ல மனிதர். "இதுக்காம்மா மூணு நாளா அலைதீக?" என்று கேட்டு இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்து எங்கள் ரேஞ்சர், "மேடம் கடத்தல்காரனைப் பிடிக்கப் போய் இளநீரைப் பிடிச்சிட்டு வந்தாங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அவர் திருச்சிப் பக்கத்து ஆள், கெட்டவர் இல்லை, ஆனால் வாய் கொஞ்சம் அதிகம். ஓய்வு பெற எனக்கு ஆறு மாதம்கூட இல்லாத சமயம் அது. சிரித்துக்கொண்டேன், உள்ளுக்குள் எரிந்தது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். மாசி பிறந்து மலை காய்ந்து கிடந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு மலை முகாம்களில் இருக்கும் வாச்சர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவேன். வாச்சர் என்றால் வேட்டைக்காரர்களையும் தீயையும் பார்த்துக்கொண்டு காட்டுக்குள்ளேயே தங்கியிருக்கும் காவலர்கள். மொத்தம் பதினாறு பேர், ஒரு முகாமுக்கு இரண்டு பேர். பெயரைக் கூப்பிட்டதும் அவர் பதில் சொல்ல வேண்டும், நான் நோட்டில் டிக் போட வேண்டும். சட்டப்படி அவ்வளவுதான். நடப்பில் என்னவென்றால், ஒரு முகாமில் ஒருவர் மட்டும் செட்டைத் திறந்து இருவருக்குமாகப் பதில் சொல்வார். பேட்டரி மிச்சம் என்று வாச்சர்களே கண்டுபிடித்த வழி அது. சூரியன் மறைந்தால் சார்ஜ் ஏறாத மலையில் அது நியாயமாகத்தான் பட்டது. நானும் ஒத்துக்கொண்டேன். எல்லார் குரலும் எனக்குத் தெரியும், யார் யாருக்காகச் சொல்கிறார்கள் என்பதும் தெரியும். என்னை யார் ஏமாற்றப்போகிறார்கள் என்ற எண்ணம்.

அன்றைக்கு மேற்கு முகாமிலிருந்து சாமுவேல் பேசினான். "நானும் இசக்கியும் இருக்கோம் மேடம்." இரண்டு டிக் போட்டேன்.

ஒன்பது மணிக்கு மேல் சரிவில் புகை தெரிந்தது. இருபது பேர் கொண்ட தீயணைப்புக் குழு ஏறியது. அவர்கள் பேச ஆரம்பித்ததும்தான் கவனித்தேன், நடு நடுவே எங்கள் சேனலில் "புஸ்" என்று ஏதோ வந்து அவர்கள் பேச்சை அறுத்தது. பேச்சுமில்லை, பாட்டுமில்லை. யாரோ செட்டின் பட்டனை அமுக்கி வாய் திறக்காமல் விடுகிற மாதிரி. புஸ். இடைவெளி. மறுபடி புஸ். "எந்தப் பக்கம் காத்து அடிக்குது?" என்று கீழிருந்து ஒருவர் கேட்டால், மேலிருந்து வரும் பதிலில் பாதியைக் காணோம். தீயோடு நிற்கிறவனுக்குப் பாதிப் பதில் போதாது.

ரேஞ்சர் அறைக்குள் வந்தார். "என்ன மேடம் இது?"

"தெரியல சார். பேர் சொல்ல மாட்டேங்குது."

"என்ன தெரியல? வன்னியம்பட்டி வேலியோட தம்பி வேலி. இல்லன்னா மகாராஜபுரம் பக்கம் எவனோ விவசாயி பன்னி விரட்ட ஆன்லைன்ல வாக்கி வாங்கியிருக்கான். நம்ம ஆளுங்க எல்லாரையும் ரெண்டாம் சேனலுக்கு மாத்துங்க. இந்த சேனலை மூடிடுங்க."

மாற்றுவதில் எனக்கு மறுபேச்சு இல்லை. குழுவை உடனே இரண்டாம் சேனலுக்கு அனுப்பினேன். ஆனால் மூடுவதற்குக் கை வரவில்லை. ரேஞ்சர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய சேனல் திறந்திருந்தால் பழக்க தோஷத்தில் குழுவில் பாதிப் பேர் அங்கே திரும்பிப் போவார்கள், இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருப்பார்கள். தீ நேரத்தில் அது ஆளைக் கொல்லும். "பத்து நிமிஷம் குடுங்க சார்" என்றேன். "இளநீர் குடிக்கவா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார்.

பத்து நிமிடம். மேஜையில் விரலைத் தட்டித் தட்டி எண்ணினேன். வேலிப் பெட்டியை மூன்று நாள் கேட்டவள் நான். அது நொடி பிசகாது, காலையிலும் அப்படியே, மாலையிலும் அப்படியே. இது அப்படி இல்லை. மூன்று நொடிக்கு ஒன்று வந்தது, அப்புறம் நாலு நொடி ஆனது. திடீரென்று இரண்டு மூன்று சேர்ந்து படபடவென்று வந்தது, பிறகு நீளமாக ஒரு இடைவெளி. இயந்திரம் இப்படி இழுத்துப் பறிக்காது. ஆளாக இருந்தால் எதற்குப் பேசாமல் அமுக்க வேண்டும்?

எண்ணிக்கொண்டே இருந்தபோது, என் நெஞ்சு ஏறி இறங்குவதும் அந்தச் சத்தமும் ஒரே கணக்கில் போவதை உணர்ந்தேன். மேஜையில் தட்டிக்கொண்டிருந்த விரலை நிறுத்தினேன்.

எங்கள் வாச்சர்கள் செட்டை எப்படி வைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டும். ராஜபாளையத்துப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது பேண்டேஜ் மில்லில் வேலை பார்ப்பார்கள். கழிவாகப் போகும் பேண்டேஜ் துணி எல்லா வீட்டிலும் கிடக்கும். இடுப்பில் மாட்டும் கிளிப் உடைந்ததும் வாச்சர்கள் அந்தத் துணியால் செட்டைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, கழுத்தில் தொங்குகிற மாதிரி கட்டிக்கொள்வார்கள். வியர்வையும் படாது, பாறையில் இடித்தாலும் உடையாது. ரிப்பேருக்கு வரும்போது கால் முறிந்த ஆளைப்போல வந்து நிற்கும் அந்த செட்டுகள். அவிழ்த்து அவிழ்த்து எனக்கு நகம் போனதுதான் மிச்சம். சிலர் முடிச்சைப் போடுகிற இடம் பேசும் பட்டனுக்கு மேலேயே இருக்கும்.

அலமாரியிலிருந்து ஒரு உபரி செட்டை எடுத்தேன். வேறு சேனலில் வைத்து, மேஜை துடைக்கும் துணியால் சுற்றி, பட்டன் மேல் முடிச்சுப் போட்டேன். கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ஃபைல்களை ஒதுக்கிவிட்டு மேஜை மேல் ஏறிக் குப்புறப் படுத்தேன். ஐம்பத்தொன்பது வயது, சேலை வேறு. மூச்சை இழுத்தேன். பக்கத்திலிருந்த ஸ்கேனர் "புஸ்" என்றது. விட்டேன், அடங்கியது. இழுத்தேன், "புஸ்".

அந்தக் கோலத்தில்தான் ரேஞ்சர் திரும்பி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மேடம், உடம்பு முடியலையா?"

"சார், பேசாமக் கேளுங்க" என்று படுத்தபடியே சொன்னேன். ஒரு பக்கம் மலையிலிருந்து வரும் புஸ், இன்னொரு பக்கம் என் மூச்சின் புஸ். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. "நம்ம வாச்சர் யாரோ செட்டு மேல குப்புற விழுந்து கெடக்காரு. மூச்சு விடுறப்பல்லாம் பட்டன் அமுங்குது. வேற அசைவே இல்ல சார்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் நோட்டை எடுத்து என் முன்னால் நீட்டினார். "பதினாறு பேரும் இருக்காங்கன்னு எட்டு மணிக்கு நீங்கதான் எழுதியிருக்கீங்க."

உங்களிடம் நான் சொல்ல வந்த இடம் இதுதான். பட்டனைக் கண்டுபிடித்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு அது வந்துவிடும். அந்த நோட்டுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். இத்தனை வருடத்தில் என் பதிவில் ஒரு பிழை என்று ஒருவரும் விரல் வைத்ததில்லை. ஓய்வுக்குச் சில மாதம்தான். வேலிக் கதை வேறு இன்னும் ஓயவில்லை. "அப்போ இது நம்ம ஆளா இருக்காது சார்" என்று சொல்லியிருந்தால் என் நோட்டு சுத்தமாக இருந்திருக்கும். அந்த நினைப்பு எனக்கு வந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஒரு மூச்சு நேரம் இருந்தது, பிறகு போய்விட்டது.

"நான் எழுதினது தப்பு சார். பதினாறு பேர்ல எட்டுப் பேர் குரலைத்தான் கேட்டேன். மீதி எட்டும் இன்னொருத்தர் சொல்லி எழுதினது."

ரேஞ்சர் பதில் சொல்வதற்குள் மைக்கை எடுத்துவிட்டேன். முகாம்கள் எல்லாவற்றையும் கூப்பிட்டு, ஒவ்வொரு ஆளும் தன் குரலில் பதில் சொல்ல வேண்டும், இன்னொருவர் சொல்லக் கூடாது என்றேன். வரிசையாக வந்தார்கள். மேற்கு முகாமில் சாமுவேல் பேசினான். அடுத்து இசக்கி பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

"சாமுவேல், இசக்கி எங்க?"

"மேடம், அவன்... காலைல ஆறு மணிக்கே மேக்க போயிட்டான். கண்ணி ஏதும் வச்சிருக்கானுவளான்னு பாத்துட்டு வாரேன், எட்டு மணிக்கு நீயே சொல்லிருலேன்னான். இந்நேரம் வந்திருக்கணும். செத்த நேரத்துல வந்துருவான்னு இருந்துட்டேன் மேடம்."

"ஏலே, எந்தப் பாதையில போனான்?"

"அது தெரியல மேடம். மேக்க மூணு பாதை இருக்கு."

மூன்று பாதையையும் தேடினால் சாயங்காலம் ஆகிவிடும். குழுவில் பாதிப் பேரைத் தீயிலிருந்து இழுக்கவும் முடியாது. நான் கையில் பிடிக்கும் சின்ன ஸ்கேனரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மலைக் கோபுரம் வாங்கித் திருப்பி அனுப்புவதை விட்டுவிட்டு, அந்த செட்டிலிருந்து நேராக வருவதை மட்டும் கேட்கிற மாதிரி வைத்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி மெல்லச் சுற்றினேன். சிக்னல் வருகிற திசைக்கு நம் முதுகு இருந்தால் உடம்பு மறைத்துக்கொள்ளும், சத்தம் தேயும். அது எந்த இடத்தில் தேய்ந்ததோ அங்கே நின்று, முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பார்த்து, வரைபடத்தில் ஒரு கோடு போட்டேன். ஒரு கோடு போதாது. இரண்டாவது இடம் வேண்டும், கொஞ்சம் உயரமாக. ஜீப்பை எடுக்கச் சொன்னேன், திருவண்ணாமலைக்கு. நம் ஊர்ப் பெருமாள் மலையைத்தான் சொல்கிறேன்.

அறையை விட்டுப் போகுமுன், "சார், யாராவது இந்த சேனல்ல அவனைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும். ரெண்டு புஸ்ஸுக்கு நடுவுல அவன் செட்டுல நாம பேசுறது கேக்கும்" என்றேன். வேறு ஆளைப் போடுவார் என்று நினைத்தேன். அவரே என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு காதில் இரண்டாம் சேனலில் தீக் குழு, இன்னொரு பக்கம் மைக்கில் "இசக்கி, நாங்க கேட்டுக்கிட்டிருக்கோம்".

மலைப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. மேலே சந்நிதிக்கு வெளியே ஒரு ஓரமாக நின்று, பெட்டியை நெஞ்சில் அணைத்துக்கொண்டு கண்ணை மூடிச் சுற்றினேன். சாமி கும்பிட வந்த ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து, தானும் மூன்று சுற்று சுற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என்ன வேண்டுதல்மா?" என்று கேட்டார். "ஒரு உசுரும்மா" என்றேன். அவரும் என் கூடவே நின்றார்.

சத்தம் இங்கே தெளிவாகக் கேட்டது. ஆனால் இடைவெளி நீண்டிருந்தது. ஐந்து நொடி, ஆறு நொடி, ஒரு தடவை ஒன்பது வரை எண்ணினேன். பேட்டரி இறங்குகிறதா, அவன் மூச்சு இறங்குகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பயந்துகொண்டு அவசரமாகச் சுற்றினால் திசை தப்பும் என்று மறுபடியும் முதலிலிருந்து சுற்றினேன். சத்தம் தேய்ந்த இடத்தில் நின்று இரண்டாவது கோட்டைப் போட்டேன். இரண்டு கோடும் மூன்று பாதைகளில் நடுப்பாதை பாறைக்கூட்டத்தைத் தொடுகிற இடத்தில் வெட்டிக்கொண்டன.

ரேஞ்சருக்குப் போனில் இடத்தைச் சொன்னதும், சாமுவேலும் தீக் குழுவிலிருந்து வந்த இரண்டு பேரும் அங்கே ஓடினார்கள். நான் படியிலேயே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு புஸ். ஏழு. ஒரு புஸ். எட்டு. அதற்குப் பிறகு வரவேயில்லை. முப்பது வரை எண்ணினேன், நாற்பது வரை எண்ணினேன். பக்கத்திலிருந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்போது ஸ்கேனரில் சாமுவேல் குரல், அதே சேனலில், இசக்கியின் செட்டிலிருந்தே வந்தது. "மேடம், ஆளைப் பெரட்டிட்டோம். உசுரு இருக்கு. உசுரு இருக்கு மேடம்." அங்கேயே அழுதுவிட்டேன்.

பாறையில் வழுக்கி விழுந்திருந்தான். தொடை எலும்பு முறிவு, தலையில் வெட்டு. தூளி கட்டி இறக்கினார்கள். தீயையும் அன்று மதியத்துக்குள் அணைத்துவிட்டார்கள், ஒருவருக்கும் சூடுகூடப் படவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் மனைவி பேச்சியம்மாள் மில் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த முடிச்ச நான்தான் மேடம் போட்டுக் குடுத்தேன். அதனால அவுகளுக்குச் செட்டுல பேச முடியாமப் போச்சே" என்று அழுதாள். "நீ போட்ட முடிச்சுதான் ஏட்டி அவனைக் காட்டிக்குடுத்துச்சு" என்று சொன்னேன். இனிமேல் மட்டும் பட்டனை விட்டுத் தள்ளிப் போடச் சொன்னேன்.

இசக்கி கண்ணைத் திறந்து பார்த்தான். "மேடம், நடுவுல நடுவுல ரேஞ்சர் அய்யா எம்பேரச் சொல்லிக் கூப்புடுத மாரி கேட்டுச்சு. எட்டு மணிக்குப் பொய் சொன்னதுக்குத் திட்டுதாருன்னு நெனச்சேன். போயி நேர்ல திட்டு வாங்கிருவோம்னுதான் மூச்ச விட்டுறாமப் புடிச்சிக்கிட்டு கெடந்தேன்" என்றான். ரேஞ்சரிடம் இதைச் சொன்னபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வருடம் எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் ஒரு மெமோவும் வந்தன. சான்றிதழ் சிக்னலைக் கண்டுபிடித்ததற்கு, மெமோ கேட்காத குரலுக்கு டிக் போட்டதற்கு. நடந்ததை அறிக்கையில் நானே எழுதியிருந்தேன். "இந்த வரியை எடுத்துருங்க மேடம், யாரும் கேக்கப்போறதில்ல" என்று ரேஞ்சர் சொல்லிப் பார்த்தார். எடுக்கவில்லை. இரண்டையும் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் மெமோவை ஏன் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அது இல்லாமல் மற்றது இல்லை என்பேன்.

நான் ஓய்வு பெற்ற வாரத்தில் இசக்கி வேலைக்குத் திரும்பினான். நொண்டிக்கொண்டுதான், அடிவார முகாமுக்கு. எட்டு மணிக்குப் பெயரைக் கூப்பிட்டேன்.

"இருக்கேன் மேடம். நான்தான் பேசுதேன்."

அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். "இருக்கேன் மேடம். நான்தான் பேசுதேன்." அதற்கு அடுத்தவரும் அப்படியே. சாமுவேல் முறை வந்தபோது அவன் குரல் கொஞ்சம் உடைந்தது, ஆனால் சொன்னான். பதினாறு பேரும் சொன்னார்கள். ஒருவரும் சொல்லச் சொல்லவில்லை, எந்த உத்தரவிலும் அது இல்லை. நாளைக்கு எட்டு மணிக்கு நீங்கள் உட்காரும்போது உங்களுக்கும் அப்படித்தான் சொல்வார்கள். கேட்டுவிட்டு டிக் போடுங்கள்.